முறுக்கேறிய இழையில் தொங்கிய படிகம்: சர் கே. எஸ். கிருஷ்ணன்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மலர்க்குழு கேட்டது. நியூட்டன், எடிசன், ராமன் என்று பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. இவங்களைப் பத்தி எழுதாத மலர் எது? அதனால் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் கேள்விப்பட்டிருப்போம், ஆனால் இன்னது செய்தார் என்று யாராவது கேட்டால் முழிப்போம். அப்படிப்பட்ட தமிழர் ஒருவர். அவர்தான் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்கிற சர் கே. எஸ். கிருஷ்ணன்.

வெப்பம், காந்தம், மின்சாரம் இந்த மூன்றையும் நாம் தனித்தனிப் பாடமாகப் படிக்கிறோம். தனித்தனி ரிக்கார்டு நோட்டு, தனித்தனி வைவா. ஆனால் ஒரு படிகத்துக்குள்ளே போய்ப் பார்த்தால் மூன்றும் ஒரே எலக்ட்ரானின் வேலைதான். இதை வாழ்நாள் முழுக்கத் துருவிப் பார்த்தவர் கிருஷ்ணன்.

வத்திராயிருப்பில் ஒரு பிள்ளை

1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். இப்போது விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். அப்பா விவசாயம் செய்தவர். தமிழும் வடமொழியும் நன்றாகப் படித்தவர். பிள்ளைக்கும் அந்த ருசி ஒட்டிக்கொண்டது. உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன்பின் சென்னை கிறித்துவக் கல்லூரி.

படித்து முடித்ததும் அதே கிறித்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? வேதியியல் டிமான்ஸ்ட்ரேட்டர்! நம்ம லேபில் பியூரெட்டையும் பிப்பெட்டையும் எடுத்துக் கொடுத்து, ரீடிங் தப்பானால் மறுபடி எடுக்கச் சொல்வாரே, அந்த வேலைதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். வேதியியல், இயற்பியல், கணிதம் எதுவானாலும் கேட்கலாம். வேறு கல்லூரி மாணவர்களும் இதற்காகவே வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி ஆசை அவரை அங்கே இருக்க விடவில்லை. 1920-இல் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். அங்கே சி. வி. ராமன் இருந்தார். 1923-இல் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனோடு ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

சூரிய ஒளியும் அறுபது திரவங்களும்

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி. இன்றைக்கு நாம் தேசிய அறிவியல் நாள் என்று பிப்ரவரி 28-ஐக் கொண்டாடுகிறோமே, அந்த நாள் பிறந்த மாதம். 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி லென்ஸால் சூரிய ஒளியைக் குவித்து, சுத்தம் செய்த திரவத்துக்குள் விடுவார்கள். உள்ளே போகிற ஒளிக்கு ஒரு வண்ண வடிகட்டி. சிதறி வெளியே வருகிற ஒளியைப் பார்க்க இன்னொரு வடிகட்டி. முதல் வடிகட்டி விடுகிற நிறத்தை இரண்டாவது தடுத்துவிடும். கணக்குப்படி ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஒளி தெரிந்தது! நிறம் மாறிய ஒளி திரவத்திலிருந்து பிறந்து வருகிறது என்று அர்த்தம்.

பெரிய கருவி எதுவும் இல்லை. இருட்டு அறையில் பழகிய கண்தான் கருவி. அந்தக் கண் பெரும்பாலும் கிருஷ்ணனுடையது. சுமார் 60 திரவங்களைச் சோதித்துப் பார்த்த பிறகு ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் போனது. 1928 மார்ச் 31-ஆம் தேதி இதழில் அது வெளியானது. கீழே இரண்டு பெயர்கள்: ராமன், கிருஷ்ணன்.

1930-இல் நோபல் பரிசு வந்தது. ராமனுக்கு மட்டும்.

நண்பர்களே, இந்த இடத்தில் எனக்கு நம்ம ஊர் நினைப்புதான் வருகிறது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறியில் உட்கார்ந்து நாள் கணக்கில் ஒரு சேலையை நெய்து முடிக்கிறார் ஒருவர். கோர்வை போட நாடாவை எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர். சேலை கடைக்குப் போனதும் கடைப் பேர்தான் நிற்கும். கல்யாணத்தில் அதைக் கட்டுகிற பெண்ணுக்கு நெய்தவர் பெயர் தெரியாது. இது யாரோ ஒருவருடைய தப்பு என்று சொல்ல வரவில்லை. 1921-லிருந்து ஒளிச்சிதறலை விடாமல் துரத்தியவர் ராமன், வழிகாட்டியவர் அவர், அந்தப் புகழ் அவருக்கு உரியதுதான். ஆனால் கூட இருந்த கையையும் கண்ணையும் நாமாவது நினைக்க வேண்டாமா?

கிருஷ்ணனுக்கு இதோடு வாழ்க்கை நின்றுவிடவில்லை. பரிசு அறிவிப்பு வருவதற்கு முன்பே, 1928 டிசம்பரில், டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய்விட்டார். போஸ்–ஐன்ஸ்டைன் புள்ளியியலில் வருகிறாரே அந்த சத்தியேந்திர நாத் போஸ், அவர் அங்கே இருந்தார். அங்கே கிருஷ்ணன் ஒளியை விட்டுவிட்டு காந்தத்தைக் கையில் எடுத்தார். அவருடைய சொந்தக் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

பாவுக்கு ஒரு குணம், ஊடைக்கு ஒரு குணம்

பட்டுத் துணியைப் பாவு வாக்கில் இழுத்தால் ஒரு மாதிரி, ஊடை வாக்கில் இழுத்தால் ஒரு மாதிரி, குறுக்கே கோணலாக இழுத்தால் வேறு மாதிரி. நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. படிகமும் இப்படித்தான். அதற்குள் அணுக்கள் வரிசையாக நெய்யப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரு திசையில் காந்தப் புலம் கொடுத்தால் ஒரு அளவு காந்தம் ஏறும். இன்னொரு திசையில் கொடுத்தால் வேறு அளவு ஏறும். இதற்குத்தான் காந்தத் திசைவேறுபாடு என்று பெயர்.

அதுவரை பலரும் படிகத்தைப் பொடியாக்கிக் குழாயில் போட்டு காந்த ஏற்புத்திறனை அளந்தார்கள். பொடியாக்கினால் சராசரிதான் கிடைக்கும். சேலையைக் கத்தரித்துப் பஞ்சாக்கிவிட்டு, பாவு எது ஊடை எது என்று கேட்பது போல! கிருஷ்ணன் ஒற்றைப் படிகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொரு திசையாக அளக்க முடிவு செய்தார். ஆனால் எப்படி அளப்பது? வித்தியாசமோ மிக மிகச் சிறியது.

முறுக்குதான் அளவுகோல்

கிருஷ்ணனின் முறை இதுதான். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகத்தைத் தொங்கவிடுவார்கள். இரண்டு பக்கமும் மின்காந்தத்தின் முனைகள். புலம் வந்ததும் படிகம் தனக்குப் பிடித்த திசையைப் புலத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு நிற்கும். இழையின் மேல் நுனியில் ஒரு திருகுத் தலை, அதில் டிகிரி அளவு. தலையை மெதுவாகத் திருகுவார்கள். இழை முறுக்கேறும். படிகமோ அடம்பிடித்துப் பழைய இடத்திலேயே கிட்டத்தட்ட நிற்கும். இன்னும் திருகினால் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். புலத்திலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி விலகியதும் அதனால் தாங்க முடியாது, சட்டென்று சுழன்றுவிடும்.

ஏன் 45? படிகத்தைப் பழைய இடத்துக்கு இழுக்கிற திருப்புவிசை, விலகிய கோணத்தின் இரு மடங்கின் சைனைப் பொறுத்தது. இரு மடங்கு 90 ஆகும்போது சைன் உச்சம். அதற்கு மேல் காந்தத்தின் பிடி குறைகிறது, இழையின் முறுக்கு ஜெயிக்கிறது. சுழன்ற கணத்தில் தலை எத்தனை டிகிரி திரும்பியிருந்தது என்று குறித்துக்கொண்டால், இழையின் முறுக்கு மாறிலியும் புலத்தின் வலிமையும் தெரிந்தால் போதும், இரண்டு திசைகளின் காந்த வித்தியாசம் கணக்கில் வந்துவிடும். நம்ம இயற்பியல் லேபில் செய்கிற முறுக்கு ஊசல் சோதனையின் உறவுக்காரன்தான் இது!

இன்னொரு யுக்தியும் செய்தார். காந்த ஏற்புத்திறன் தெரிந்த கரைசலில் படிகத்தை மூழ்கவைத்து, சீரில்லாத காந்தப் புலத்தில் தொங்கவிடுவது. கரைசலின் செறிவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் படிகம் இந்தப் பக்கமும் போகாது, அந்தப் பக்கமும் போகாது. அப்போது இரண்டின் ஏற்புத்திறனும் சமம். வீட்ஸ்டன் பாலத்தில் கால்வனாமீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்கிறதே, அதே தத்துவம்தான்.

பானர்ஜி, குகா போன்ற சக ஆய்வாளர்களோடு அவர் இப்படி எடுத்த அளவுகள் 1933 முதல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தொடராக வந்தன. அதே 1933-இல் கல்கத்தா கழகத்துக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். நாப்தலீன் போன்ற படிகங்களில் தட்டையான மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காந்தத்தை வைத்தே சொல்ல முடிந்தது. எக்ஸ்-கதிர் படிகவியலில் பெயர் பெற்ற கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936-இல் இது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1937-இல் ரூதர்போர்டும் பிராகும் அழைத்து இங்கிலாந்து போய் உரை நிகழ்த்தினார். 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

பென்சில் கரியும் பழுத்த கம்பியும்

கிராஃபைட் என்றால் என்ன? பென்சிலுக்குள் இருக்கிற கரி. கங்குலியோடு சேர்ந்து கிருஷ்ணன் அதன் படிகத்தை ஆராய்ந்தார். அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் டயாகாந்தம் மிகப் பெரியது. அடுக்கின் வாக்கில் மிகச் சிறியது. மின்கடத்தலோ நேர் தலைகீழ்: அடுக்கின் வாக்கில் உலோகம் மாதிரி கடத்தும், குறுக்கே வெகு மோசமாகக் கடத்தும். வெப்பநிலை மாறினால் காந்தமும் மாறுகிறது. அடுக்குக்குள் எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடுகின்றன, அடுக்கு விட்டு அடுக்கு தாண்டத்தான் கஷ்டப்படுகின்றன என்பது இதிலிருந்து புரிந்தது. அந்த ஒற்றை அடுக்கைத் தனியாகப் பிரித்து கிராஃபீன் என்று ஆராய்ந்ததற்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது என்பது நமக்குத் தெரிந்த செய்தி.

1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே பாட்டியாவோடு ஒரு கேள்வியை எடுத்தார்: உருகிய உலோகத்தில் மின்தடை எங்கிருந்து வருகிறது? திரவத்தில் ஒளி சிதறுகிற மாதிரிதான் உருகிய உலோகத்தில் எலக்ட்ரான் அலையும் சிதறுகிறது என்று காட்டினார்கள். ராமனோடு கற்ற பாடம், வேறு இடத்தில் வேலை செய்தது! கற்றது எதுவும் வீண் போகாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

பின்னாளில் டில்லியில் எஸ். சி. ஜெயினோடு செய்த வேலை இன்னும் சுவையானது. உலோகம் பழுக்கக் காய்ந்தால் எலக்ட்ரான்களை வெளியே விடும். பழைய ரேடியோ வால்வு வேலை செய்ததே இதனால்தான். மேற்பரப்பில் அழுக்கு இருந்தால் அளவு கெட்டுவிடும். அதனால் கிராஃபைட்டில் வெற்றறை ஒன்றைக் குடைந்து, வெற்றிடத்தில் சூடேற்றி, அதில் போட்ட சிறு துளை வழியாக வருகிற எலக்ட்ரான்களை அளந்தார்கள். கொதிக்கிற பானை மூடியில் ஓட்டை போட்டு உள்ளே இருக்கிற ஆவியின் அழுத்தத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி! மின்சாரத்தால் பழுக்கக் காயும் கம்பியில் நடு எவ்வளவு சூடு, நுனி எவ்வளவு சூடு என்ற கணக்கையும் விரிவாகப் போட்டார்கள்.

டில்லியில் ஒரு கூடம்

தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு 1947 ஜனவரி 4-ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன். 1950 ஜனவரி 21-இல் சர்தார் படேல் கட்டடத்தைத் திறந்து வைத்தார். இது நமக்கு எதுக்கு என்று கேட்காதீங்க. நம்ம ஒர்க் ஷாப் மைக்ரோமீட்டர் சரியா தப்பா என்று சொல்கிற சான்றிதழ்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் அந்தக் கூடத்தில்தான் போய் நிற்கும். இந்திய நேரத்தைக் காத்து வருவதும் அந்தக் கூடம்தான்.

1946-இல் சர் பட்டம், 1948-இல் அணுசக்திக் கமிஷன் உறுப்பினர், 1949-இல் இந்திய அறிவியல் மாநாட்டுத் தலைவர், 1954-இல் பத்ம பூஷண், 1958-இல் முதல் பட்நாகர் பரிசு. இத்தனைக்கும் நடுவில் தமிழை விடவில்லை. தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். இலக்கியம் பேசினால் நேரம் போவதே தெரியாதாம். 1961 ஜூன் மாதம் தமது 62-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் போட்ட தடத்தில் இன்று

இப்போது வெப்பமின் விளைவுக்கு வருவோம். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்னழுத்தம் வரும். உலையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் இதுதான். குரோமல்–அலுமல் ஜோடி ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். 1821-இல் இதைக் கண்ட சீபெக், பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியதைப் பார்த்து, வெப்பம் நேராகக் காந்தத்தை உண்டாக்குகிறது என்று நினைத்துவிட்டார். நடுவில் மின்னோட்டம் இருப்பதைப் பிறகுதான் மற்றவர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

ஆனால் வெப்பத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டுதான். 1886-இல் எட்டிங்ஸ்ஹவுசனும் நெர்ன்ஸ்டும் வேறொன்று கண்டார்கள். வெப்பம் ஒரு திசையில் போக, காந்தப் புலம் அதற்குக் குறுக்கே இருந்தால், இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது திசையில் மின்னழுத்தம் பிறக்கிறது. இரும்பு போன்ற காந்தப் பொருளில் வெளிப்புலம் இல்லாமலே இது வரும். உள்ளே காந்தம் எவ்வளவு பலமோ அவ்வளவு மின்னழுத்தம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள்.

அந்த நினைப்பை ஒரு படிகம் மாற்றியது. மூன்று மாங்கனீசு அணுவுக்கு ஒரு வெள்ளீய அணு சேர்ந்த படிகம் அது. மாங்கனீசு அணுக்கள் நட்சத்திரக் கண் வைத்து முடைந்த கூடைப் பின்னல் போல முக்கோணம் முக்கோணமாக இருக்கும். முக்கோணத்தின் மூன்று மூலையிலும் எலக்ட்ரானின் தற்சுழற்சி ஒன்றுக்கொன்று 120 டிகிரி சாய்ந்து நிற்கிறது. மூன்று பேர் மூன்று பக்கம் சம பலத்தில் கயிறு இழுத்தால் யாரும் நகர மாட்டார்கள் இல்லையா? அதுபோல மொத்தக் காந்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனாலும் 2017-இல் வெளியான ஆய்வில், அறை வெப்பநிலையிலேயே அதில் குறுக்கு மின்னழுத்தம் தெளிவாகக் கிடைத்தது. ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவுதான். ஆனால் அந்த அளவு காந்தத்துக்கு அது மிக மிகப் பெரியது. காந்தத்தின் பலத்தை விட, தற்சுழற்சிகள் எந்த வடிவத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே முக்கியம் என்று இது காட்டியது. மின்னழுத்தம் வெப்பத்துக்குக் குறுக்கே வருவதால், சூடான குழாயின் மேல் ஒரு மெல்லிய படலம் பூசியே வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாமா என்று முயன்று வருகிறார்கள்.

இந்தப் படிகத்தைக் கிருஷ்ணன் ஆராயவில்லை. ஆனால் இதை ஆராய்கிறவர்கள் முதலில் செய்கிற காரியம் என்ன? நல்ல ஒற்றைப் படிகம் வளர்க்கிறார்கள், அதன் ஒவ்வொரு திசையிலும் தனித்தனியாகக் காந்தத்தையும் கடத்தலையும் அளக்கிறார்கள். டாக்காவில் குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்ட கிருஷ்ணன் வற்புறுத்தியதும் அதைத்தான். பொடியாக்கியிருந்தால் திசைக்குத் திசை உள்ள வித்தியாசம் தெரிந்திருக்காது.

நமக்கு என்ன?

டிப்ளமோதானே என்று நம்மைச் சிலர் சொல்வதுண்டு. சில நேரம் நாமே சொல்லிக்கொள்வதும் உண்டு. கையால் செய்கிற வேலை ஒரு படி கீழே, பேப்பரில் போடுகிற கணக்கு ஒரு படி மேலே என்று யாரோ கட்டிவிட்ட கதை அது. டிமான்ஸ்ட்ரேட்டராகத் தொடங்கிய கிருஷ்ணனிடம் கையும் கணக்கும் பாவும் ஊடையும் போல ஒன்றாகவே இருந்தன. ஒன்றை உருவினால் துணி இல்லை.

அடுத்த முறை லேபில் முறுக்கு ஊசல் சோதனை வரும்போது, பக்கத்து பெஞ்ச் நண்பனின் ரீடிங்கைப் பார்த்து எழுதாமல், இழையை நாமே ஒரு தடவை திருகிப் பார்ப்போம். எந்த டிகிரியில் என்ன நடக்கிறது என்று நம்ம கண்ணாலேயே பார்த்து எழுதுவோம். வத்திராயிருப்புக்காரருக்கு நாம் செய்கிற மரியாதை அதுதான்.

வாழ்க அவர் புகழ்! வளர்க நம் உழைப்பு!